கேத்தி பாலாடா பள்ளத்துக் களிமண்: கேரட் கிளை விடுகிறது, மணல் கலக்கலாமா?

பள்ளத்துத் தோட்டம்:

வணக்கம். நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கம் ஓடையை ஒட்டி 40 சென்ட். மேல் மண் கறுப்பு. ஒரு அடிக்குக் கீழே சாம்பல் நிறம், நடுவில் துருப்பிடித்த மாதிரி கோடுகள். மழை விட்டு இரண்டு நாள் உள்ளே கால் வைக்க முடியாது, காய்ந்தால் கொத்து இறங்காது. போன கடைபோகத்தில் கேரட் பாதிக்கு மேல் இரண்டு கால், மூன்று கால். மண்ணின் பி.எச். (புளிப்பு அளவு) 5.0. உழவு பவர் டில்லர்தான். நாலு லோடு எம்-சாண்ட் அடித்துக் கலந்தால் சரியாகும் என்கிறார்கள், இன்னொருவர் ஜிப்சம் போடச் சொல்கிறார். எது செய்யலாம்? அடுத்த போகமும் கேரட்டே போடலாமா?

மண்ணுருண்டை:

மணலுக்கு முதலில் கணக்குப் போடுங்கள். 40 சென்ட் என்றால் சுமார் 1,620 சதுர மீட்டர். லோடுக்கு 2 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி) என்றாலும் நாலு லோடு 23 கன மீட்டருக்குள்தான். பரப்பினால் ஒன்றரை சென்டிமீட்டர்கூட வராது. மேல் 20 செ.மீ. மண்ணில் களி பாதி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதைக் கால் பங்காக்க மண் அளவுக்கே மணல் வேண்டும்: 320 கன மீட்டருக்கு மேல், அதாவது 110 யூனிட்டைத் தாண்டும். அரைகுறையாகக் கலந்தால் மணலுக்கு நடுவே உள்ள இடைவெளியையெல்லாம் களி அடைத்து, காய்ந்ததும் முன்பைவிட இறுகும். அந்தப் பணத்தை வடிகாலுக்கும் எருவுக்கும் போடுங்கள்.

ஜிப்சம் சோடியம் ஏறிய களர் நிலத்துக்கான மருந்து. மழை கழுவிக் கழுவிப் புளித்துப்போன மலை மண்ணில் அந்தச் சிக்கலே கிடையாது. ஜிப்சம் பி.எச்.சை ஏற்றவும் செய்யாது.

நீங்கள் சொன்னதில் முக்கியமானது அந்தத் துருக்கோடுதான். தண்ணீர் நின்று காற்று போகாத மண்ணில் இரும்பு கரைந்து நிறம் சாம்பலாகும். வேர்த்துளை, வெடிப்பு வழியே காற்று போன இடத்தில் மட்டும் துருவாகப் படியும். கோடு எந்த ஆழத்தில் தொடங்குகிறதோ, மழைக்காலத்தில் தண்ணீர் ஏறக்குறைய அதுவரை ஏறி நிற்கிறது என்று அர்த்தம். சரிவில் இருக்கும் செம்மண்ணிலும் களி நிறைய உண்டு. ஆனால் அங்கே இரும்பு ஆக்சைடு களியைச் சின்னச் சின்னக் குருணையாகக் கட்டிவைப்பதால் தண்ணீர் இறங்கிவிடும். அதனால் மேட்டுத் தோட்டக்காரர் சொல்லும் வைத்தியம் பள்ளத்துக்குப் பொருந்தாது. பாட்டிலில் மண்ணைக் கரைத்துக் களி அளவைப் பார்க்கும் சோதனைகூடச் செம்மண்ணில் ஏமாற்றும். குருணை உடையாமல் மணல் மாதிரி அடியில் போய் உட்காரும். ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளுங்கள். உடையாமல் 5 செ.மீ.க்கு மேல் நீண்டால் அது கனமான களி.

செய்ய வேண்டியது: சரிவு முடிந்து பள்ளம் தொடங்கும் இடத்தில், தோட்டத்தின் மேல்பக்கமாக 60 செ.மீ. ஆழத்தில் ஒரு வெட்டு வாய்க்கால். மேட்டிலிருந்து மண்ணுக்குள்ளேயே கசிந்து வரும் நீரை அது பிடித்து ஓரமாகக் கொண்டுபோகும். பக்கங்களைச் செங்குத்தாக வெட்டாதீர்கள், ஒரே மழையில் சரியும். வெட்டும் முன் மழைக்கால ஓடை மட்டத்தைப் பாருங்கள். வாய்க்காலின் கடைவாய் அதைவிடத் தாழ்ந்திருந்தால் ஓடைத் தண்ணீர்தான் உள்ளே வரும்.

அடுத்து மேட்டுப்பாத்தி. மேல் அகலம் 90 செ.மீ., உயரம் 25 முதல் 30 செ.மீ., நடைக்கால் 40 செ.மீ. நடை அதிலேயே இருக்கட்டும், பாத்தி மேல் கால் படக்கூடாது. நன்றாக மக்கிய தொழு உரம் 4 முதல் 5 டன், பாத்தி போடும் பகுதியில் மட்டும்.

மன்னவனூர் பூண்டு:

வடிகால் சரி. ஆனால் கேரட் கிளைத்ததற்குத் தண்ணீர் மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். பிடுங்கியதை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். எல்லாம் ஒரே ஆழத்தில், 12-15 செ.மீ.யில் பிரிந்திருந்தால் டில்லர் கத்தி தேய்த்து இறுக்கிய மண் அடுக்கு, அதாவது தட்டு. ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆழத்தில் பிரிந்திருந்தால் மக்காத எரு, கல், கட்டி. பக்கவேரில் சின்ன முடிச்சுகளும் இருந்தால் நூற்புழு. அதற்கு மண்ணைத் திருத்தி மட்டும் பயனில்லை.

தட்டு இருக்கிறதா என்று அறிய ஒரு அடிக் குழி வெட்டி, பக்கச்சுவரில் மேலிருந்து கீழாகக் கத்தியால் குத்திக்கொண்டே வாருங்கள். சட்டென்று இறுகும் இடமும், பழைய வேர் படுக்கையாகத் திரும்பும் இடமும் ஒன்றாக இருக்கும். அதை உடைப்பது காய்ந்த மாதங்களில், பிப்ரவரி-மார்ச்சில். கடப்பாரையோ பல்லுள்ள கொத்தோ இறக்கி நெம்பி விடுங்கள், புரட்டக் கூடாது. சாம்பல் மண் மேலே வந்தால் இரண்டு போகம் வீண்.

உழவு நாளுக்கு ஒரே விதி. உழும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் நூலாக உருட்டுங்கள். பென்சில் கனத்துக்கும் கீழே, 3 மி.மீ. வரை உடையாமல் உருண்டால் டில்லர் ஷெட்டிலேயே இருக்கட்டும். அதற்கு முன்னாலேயே உதிர்ந்தால் ஓட்டலாம். மேல்மண் காய்ந்திருக்கிறதே என்று இறக்கினால் அடியில் புதுத் தட்டு உருவாகும். விதைப்பு ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை: தண்ணீர் சீக்கிரம் ஓடட்டும் என்று பாத்தியை நேராக ஓடையைப் பார்த்து இறக்கிவிடாதீர்கள். ஊட்டியானாலும் கொடைக்கானலானாலும் மேல் மண் இப்படித்தான் போகிறது. குறுக்காகப் போட்டு, 30 மீட்டருக்கு 15 செ.மீ. வாட்டம் கொடுத்தால் போதும். நடைக்கால் முடியும் இடத்தில் கல் பாவி, ஓடைக்கரையில் ஒன்றிரண்டு மீட்டர் புல்லை விட்டுவையுங்கள்.

டோலமைட் மூட்டை:

பி.எச். 5.0 முட்டைக்கோஸ், பீட்ரூட்டுக்குக் குறைவு. டோலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் வகைத் தூள்) சென்டுக்கு 10 முதல் 15 கிலோ, விதைப்புக்கு ஒரு மாதம் முன்பு தூவி 15 செ.மீ. வரை கலக்க வேண்டும். களியும் மக்கிய பொருளும் நிறைந்த மண் பி.எச். மாற்றத்தை எதிர்த்து நிற்கும் என்பதால் ஒரே தடவையில் 6.0 வராது. அடுத்த வருடம் மறுபடி சோதித்துப் பார்த்துத்தான் மீதி. எருவோடும் யூரியாவோடும் சேர்த்துப் போடாதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். உருளைக்கிழங்கு போடப்போகும் போகத்துக்கு முன் டோலமைட் வேண்டாம், தோலில் சொறி நோய் ஏறும்.

மணிச்சத்தும் இங்கே வீணாகும். புளித்த மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொள்ளும். சூப்பர் பாஸ்பேட்டைத் தூவாமல் விதை வரிசைக்குப் பக்கத்தில் கோடு இழுத்துப் போடுங்கள். ராக் பாஸ்பேட் புளிப்பு மண்ணில் மெல்லக் கரைந்து வேலை செய்யும், டோலமைட்டோடு ஒரே நாளில் போட்டால் கரையாது.

பள்ளத்துத் தோட்டம்:

நன்றி. குழி வெட்டிப் பார்த்தேன், 13 செ.மீ.யில் தட்டு இருக்கிறது. அப்போ அடுத்த போகம் என்ன போடுவது? ஸ்பிரிங்க்ளர் ஓடும்போது பத்து நிமிஷத்திலேயே தண்ணீர் தேங்குகிறதே?

மண்ணுருண்டை:

கேரட்டை ஒரு போகம் தள்ளுங்கள். தட்டை உடைத்ததும் லூபின் என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கி விடலாம். வேர் இறங்கிய வழிதான் உடைத்த இடம் மறுபடி மூடாமல் காக்கும். காசுப் பயிர்தான் வேண்டும் என்றால் மேட்டுப்பாத்தியில் முட்டைக்கோஸ் அல்லது அவரை. கோஸ் வேர் வீங்கி உருண்டிருப்பதைப் பார்த்தால் அது கிளப் ரூட் என்ற வேர் நோய். ஈரமும் புளிப்பும் சேர்ந்த இடத்தில் வரும், பல வருடம் மண்ணிலேயே கிடக்கும். பக்கத்துத் தோட்டத்து நாற்றும், கழுவாத டில்லர் கத்தியும்தான் அதைக் கொண்டுவரும். உருளைக்கிழங்கு கடைசியில் பார்க்கலாம். நீர் நின்றால் கிழங்குத் தோலில் வெள்ளைப் புள்ளியாகப் புடைத்து, அந்த வழியே அழுகல் இறங்கும்.

ஸ்பிரிங்க்ளரில் கோளாறு இல்லை. கனமான களி மணிக்கு 5 மி.மீ.கூடக் குடிக்காது, ஸ்பிரிங்க்ளர் அதற்கு மேல் ஊற்றும். பத்து நிமிஷம் ஓட்டி, அரை மணி விட்டு, மறுபடி பத்து நிமிஷம். சின்ன துளை நாசில் மாற்றினால் சொட்டின் அடியும் குறையும், மேலே ஏடு கட்டாது. கேரட் விதை முளைக்க 10-15 நாள் ஆகும். அதற்குள் ஏடு கட்டினால் முளை வெளியே வராது. விதைத்த கோட்டை மண்ணால் மூடாமல் ஒரு செ.மீ. சலித்த மக்கு எருவால் மூடுங்கள்.