குழுவாக உட்கார்ந்து சிக்கலைப் பிரித்தீர்களா? மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

தாள்கட்டு:

சிக்கலைக் குழுவாகப் பிரித்து, சின்னச் சின்னச் சுற்றுகளாகச் செய்து பார்க்கும் படிப்படிக் குழுமுறைப் பயிற்சியைத்தான் சொல்கிறேன். மீன்முள் படம் (ஒவ்வொரு காரணத்தையும் ஒரு முள்ளாக வரைவது), ஐந்து ‘ஏன்’ (காரணத்துக்குக் காரணம் என்று ஐந்து தரம் கேட்பது) எல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குழு எடுத்தது முதியோர் ஓய்வூதியத் தாமதம். முதல் கூட்டத்தில் பிரச்சினை என்று நாங்கள் எழுதியது: “இணையவழி விண்ணப்ப வசதி இல்லை.” வழிநடத்தியவர் அதன்மேல் ஒரு கோடு போட்டார். “இது நீங்க வாங்க நினைக்கிற சாமான். பிரச்சினை எங்கே? யாருக்கு வலிக்குது?” என்றார். சரி, மாற்றி எழுதினோம். காரணங்களைப் பிரித்துக்கொண்டே போனதில் ‘பெயர் பொருந்தாமல் விண்ணப்பம் திரும்புகிறது’ என்று ஒரு முள் வந்தது. யார் திருப்புகிறார்கள் என்று கேட்டதும் ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தோம்.

அதுவரை வாயே திறக்காத எழுத்தர் அம்மா ஒருவர் சொன்னார்: “நான்தான் சார் திருப்புறேன். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருப்பணும். தணிக்கையில மாட்டினா என் சம்பளத்துலதானே பிடிப்பாங்க?” எதிரே துறைத் தலைவர். பேனாவை மூடினார், திறந்தார், “நல்லது, அடுத்த முள்ளுக்குப் போகலாம்” என்றார். அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மா வரவில்லை. வேலைப்பளுவாம். அந்தப் பயிற்சி முழுக்க உருப்படியாக வந்த தகவல் அவர் சொன்னது ஒன்றுதான். தணிக்கைப் பிரிவிலிருந்து ஒருவரைக் குழுவில் சேர்க்கலாமா என்று எழுதிக் கேட்டோம். பதில் இல்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

சந்தேகப்பேர்வழி:

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? மேலதிகாரியை எதிரே வைத்துக்கொண்டு மீன் வரைந்தால் படம் வரும், முள் வராது.

என் கதை புகார்ப்பெட்டி. நன்றாக நடக்கும் அலுவலகங்களில் எல்லாம் இருக்கிறதே என்று எங்கள் அலுவலகத்திலும் விழா எடுத்து வைத்தார்கள். எங்கள் குழுவின் முதல் சுற்றில் முடிவானது மிகச் சின்ன வேலை: பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் கடிதங்களைப் படிப்பது. சாவி யாரிடம்? மேசை மேசையாகக் கேட்டுக்கொண்டு போனோம். கடைசியில் பொருள் கிடங்கில் இருந்தவர், “பெட்டி வந்தப்பவே சாவி வரலியே” என்றார், ஏதோ நாங்கள்தான் விவரம் கெட்டவர்கள் மாதிரி. பூட்டை உடைத்தோம். மேலாக இருந்த தாளில் ஒரே வரி: “இந்தப் பெட்டியை யாராவது திறக்கிறீர்களா?”

2012இல் ஆண்ட்ரூஸ், பிரிட்செட், வூல்காக் என்ற வளர்ச்சித் துறை ஆய்வாளர்கள் மூவரும் எழுதிய கட்டுரையில் இந்த நோயைத்தான் விவரித்தார்கள். இயங்குகிற அமைப்பின் உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. வேலை நடக்காது, ஆனால் சட்டம், பிரிவு, பெயர்ப்பலகை எல்லாம் பளிச்சென்று இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது சீர்திருத்தமாகவே தெரியும், நிதியும் வரும். படிப்படிக் குழுமுறை என்று நாம் படிப்பதும் அதே வழியில் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

பழைய கோப்பு:

எங்களுடையது சாலை விபத்து. காவல்துறை, சாலைத்துறை, மருத்துவமனை மூன்றும் தனித்தனிப் பட்டியல் வைத்திருந்தன. முதல்முறையாக ஒரே மேசையில் விரித்தபோது, சாலைத்துறை வரைபடத்தில் சிவப்பே விழாத ஒரு வளைவில் மருத்துவமனைப் பட்டியல் நிரம்பி வழிந்தது. அறையில் ஒருத்தரும் பேசவில்லை. சரி, அது இருக்கட்டும்.

தாள்கட்டு தம்பிக்குச் சில விஷயங்கள். அந்த அம்மா காணாமல் போனதற்குக் காரணம் நீங்கள் மூன்று வட்டத்தைப் போட்டுப் பார்க்காததுதான். ஒவ்வொரு முள்ளுக்கும் அதிகாரம், ஏற்பு (சம்பந்தப்பட்டவர்கள் மாற்றத்தை ஒத்துக்கொள்வது), திறன் என்று மூன்று வட்டம் வரையணும். அதிகாரம் உங்கள் துறைத் தலைவரிடம் இருந்தது, திறன் அந்த அம்மாவிடம் இருந்தது, ஏற்பு மட்டும் இல்லவே இல்லை. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடம் பெரிதாக இருந்தால் தைரியமாகக் கை வைக்கலாம். சின்னதாக இருந்தால் முதல் சில சுற்று அந்த இடத்தை அகலப்படுத்தவே போகும், திட்டத்தைத் தொடக்கூடாது.

அப்புறம் வேகம். 1804இல் அமெரிக்காவில் லூயிஸ், கிளார்க் என்ற இரு பயணத் தலைவர்கள் மேற்கே பசிபிக் கடலை நோக்கிப் புறப்பட்டபோது அந்த வழிக்கு முழு வரைபடம் கிடையாது. கொஞ்ச தூரம் போய், பார்த்து, விசாரித்து, அப்புறம் அடுத்த பாதையைத் தீர்மானிக்கணும். இன்றைக்கு அதே தூரத்துக்கு நெடுஞ்சாலை இருக்கிறது, காரும் ஓட்டுநரும் போதும். இந்த முறையைச் சொல்லிக்கொடுப்பவர்கள் எடுத்துக்காட்டும் ஒப்பீடுதான் இது. நம் ஆட்கள் 1804 வேலைக்கு நெடுஞ்சாலைத் திட்ட அறிக்கை எழுதுகிறார்கள். ஐந்தாண்டு அட்டவணை, வண்ண வண்ணக் கட்டங்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓரிரு வாரத்தில் முடிகிற வேலையாகப் பாருங்கள். முடிந்ததும் குழு உட்கார்ந்து நான்கு கேள்வி கேட்கணும்: என்ன செய்தோம், என்ன கற்றோம், எதில் திணறுகிறோம், அடுத்து என்ன. மூன்றாவது கேள்வியில்தான் உயிர் இருக்கிறது. “திணறல் எதுவும் இல்லை” என்று எவராவது சொன்னால் அவர் வேலையைத் தொடவே இல்லை என்று அர்த்தம். இன்னொன்று, குழுவில் ஆள் சேர்க்கும்போது பதவியைப் பார்க்காதீர்கள், கோப்பு யார் கையில் நிற்கிறது என்று பாருங்கள். இதையெல்லாம் முதலிலேயே செய்திருந்தால் உங்களுக்கு இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

ஊசிக்காரி:

ஐயா, அவர் அனுபவம் கேட்டார், நீங்கள் வகுப்பு எடுத்துவிட்டீர்கள். அந்த வளைவில் என்ன நடந்தது என்பதை ஒரு வரியில் முடித்தது அநியாயம். அதைத்தான் படிக்க ஆசைப்பட்டேன்.

எனக்கு உறுத்துவது தட்டம்மைத் தடுப்பூசி. அதற்கு இரண்டு தவணை வேண்டும். பரவல் நிற்க 95 சதவீதம் பேருக்காவது போய்ச் சேரணும். எங்கள் பகுதியில் முதல் தவணைக்கு வந்த பலர் இரண்டாவதுக்கு வரவில்லை. குழுவில் இருந்த பெரியவர்கள் பேனா எடுக்கும் முன்பே “விழிப்புணர்வு இல்லை” என்று எழுதிவிட்டார்கள். விழிப்புணர்வு இல்லாதவர் முதல் தவணைக்கு மட்டும் எப்படி வந்தார் என்று கேட்டேன், ஒரு மாதிரி பார்த்தார்கள். வராத வீடுகளுக்குப் போய்க் கேட்பதே எங்கள் முதல் சுற்று. ஒரு தாய் வாசலிலேயே சொன்னார்: “வந்தேனேம்மா. அட்டை தொலைஞ்சு போச்சுன்னு சொன்னேன், அட்டை இல்லாம போட மாட்டோம்னு அனுப்பிட்டீங்க.” என் கூட நின்ற செவிலியர் அன்று அந்த மேசையில் இருந்தவர். அவர் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பதிவேட்டில் பெயரைத் தேடி ஊசி போடலாம் என்பது அடுத்த சுற்றில் வந்தது, இன்று அப்படித்தான் நடக்கிறது.

அந்த ஐந்து ‘ஏன்’ பற்றியும் ஒன்று. அது டொயோட்டா ஆலையில், நின்றுபோன இயந்திரத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி. இயந்திரத்துக்குக் கோபம் வராது. மனிதரிடம் ஐந்து தரம் ‘ஏன்’ கேட்டால் மூன்றாவதிலேயே விசாரணை மாதிரி ஆகிவிடுகிறது. தாள்கட்டு, உங்கள் எழுத்தர் அம்மாவுக்கு நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். வட்டம் வரைந்திருந்தால் மட்டும் தப்பித்திருப்பாரா என்ன?

பழைய கோப்பு:

நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். வளைவைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன்: மழை பெய்தால் அங்கே தண்ணீர் தேங்கும், வண்டி சறுக்கும். கீழே விழுகிறவர்களைப் பக்கத்தில் இருப்பவர்களே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வழக்கு பதிவாகாது. வழக்கு இல்லாததால் சாலைத்துறைக்கு அது விபத்துப் பகுதியே இல்லை. வடிகால் வெட்டியாகிவிட்டது.

மூன்றாம் மேசை:

பழைய கோப்பு ஐயா சொன்ன அந்த நான்கு கேள்வி எங்களுக்கும் ரொம்பப் பிடித்திருந்தது. எங்கள் மேலதிகாரிக்கு அதைவிடப் பிடித்துப்போய்விட்டது. இப்போது அது ஒரு படிவம். மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் இரண்டு பிரதி அனுப்பணும். ‘எதில் திணறுகிறோம்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். கையெழுத்து மட்டும் நாங்கள் போடணும்.

சந்தேகப்பேர்வழி:

நான் என்ன சொன்னேன்!