[உதவி] தமிழ்ப் பக்கம் மட்டும் போனில் பக்கவாட்டில் ஓடுது, மெனுவும் ஒட்டல

பொங்கோல்_பையன்:
அவசரம், இன்னைக்கு ராத்திரி ஏத்தணும். சமூக மன்ற நிகழ்ச்சிக்கான தளம், நாலு மொழி. ஆங்கிலம், மலாய், சீனம் மூணும் சரி. தமிழ் மட்டும் வலப்பக்கம் ஓடுது. சிஎஸ்எஸ்ல ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிடன் (பக்கவாட்டில் மீறுறதை மறைக்கிற விதி) போட்டதும் ஓட்டம் நின்னுச்சு, ஆனா மேலேயே ஒட்டி நிக்க வேண்டிய ஸ்டிக்கி மெனு ஸ்க்ரோலோட மேலே போயிடுது. ஏன்?

தெம்பனிஸ்_அக்கா:
ஹிடனை எதுல போட்டீங்க? அட்டைகளை அடுக்கினது கிரிட்டா (கட்டமா), ஃப்ளெக்ஸா (வரிசையா)? திரை அகலம் எவ்வளவு? இதெல்லாம் தெரியாம என்னத்தச் சொல்றது தம்பி.

கோப்பி_ஓ_கோசோங்:
எழுத்துருதான் காரணம். நோட்டோ சான்ஸ் தமிழ் அகலமானது. அளவை 14 பிக்சல் ஆக்கிடுங்க, வேலை முடிஞ்சது.

பொங்கோல்_பையன்:
ஹெச்டிஎம்எல், பாடி ரெண்டுலயும். கிரிட், ரிப்பீட்(2, 1எஃப்ஆர்), அதாவது சம பங்கா ரெண்டு பத்தி. திரை 375 பிக்சல். ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட் இருக்கு, ஆனா சொல் உடையவே மாட்டேங்குது.

கிரிட்_வாத்தியார்:
அரிச்சுவடியைப் படிக்காமல் கிரிட் எழுதினால் இப்படித்தான். 1எஃப்ஆர் என்றால் மின்மேக்ஸ்(ஆட்டோ, 1எஃப்ஆர்), அதாவது குறைந்தபட்சம் ஆட்டோ, அதிகபட்சம் 1எஃப்ஆர். அந்த 'ஆட்டோ' உள்ளே இருக்கும் நீளமான சொல்லைவிடப் பத்தியைக் குறுக விடாது. சொல்லுக்கேற்பப் பத்தியே அகன்றுவிடுவதால் பிரேக்-வேர்டுக்கு உடைக்க வேண்டிய தேவையே வருவதில்லை. எழுத்துருவைக் குறைப்பவர்கள் நாளைக்கு இன்னும் நீளமான சொல் வந்தால் 10 பிக்சல் ஆக்குவார்களா?

தெம்பனிஸ்_அக்கா:
வாத்தியார் சொல்றது சரிதான், சொல்ற விதம்தான்... விடுங்க. கணக்கு இதோ: 375இல் ஓரங்களுக்கு 16 + 16, நடு இடைவெளி 12 போனா மிச்சம் 331. ஒரு அட்டைக்கு 165.5. உள் பேடிங் பக்கத்துக்கு 12னு வச்சா எழுத்துக்கு 141.5தான். 'ஒருங்கிணைப்பாளர்களுக்கான' 18 பிக்சலில் 200ஐத் தாண்டும்.

செய்ய வேண்டியது: ரிப்பீட்(2, மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்)). இப்ப உங்க பிரேக்-வேர்ட் வேலை செய்யும். அட்டைக்குள்ள படமும் எழுத்தும் ஃப்ளெக்ஸில் பக்கத்துல பக்கத்துல இருந்தா, எழுத்துப் பெட்டிக்கு மின்-விட்த்: 0 (குறைந்தபட்ச அகலம்) வேணும். அங்கேயும் அதே 'ஆட்டோ' சிக்கல்.

மெனு: ஹெச்டிஎம்எல், பாடி ரெண்டுலயும் ஹிடன் இருந்தா, ஹெச்டிஎம்எல்ல உள்ளது முழுத் திரைக்குப் போயிடும், பாடி தனியா ஒரு ஸ்க்ரோல் பெட்டி ஆயிடும். எக்ஸ் ஹிடன்னா ஒய் தானா ஆட்டோ ஆகும். மெனு அந்தப் பெட்டியைப் பிடிச்சுக்கும், அதுவோ ஸ்க்ரோல் ஆகாது. ரெண்டையும் எடுத்துடுங்க. வெட்டியே ஆகணும்னா ஹிடனுக்குப் பதிலா கிளிப். அது ஸ்க்ரோல் பெட்டியை உருவாக்காது.

வேற எது துருத்துதுன்னு தெரியலைன்னா எல்லா உறுப்புக்கும் 1 பிக்சல் சிவப்பு அவுட்லைன் போட்டுப் பாருங்க. பார்டர் வேண்டாம், அளவே மாறிடும்.

கோப்பி_ஓ_கோசோங்:
ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்னு ஒரே வரி போதுமே. மின்மேக்ஸ் எதுக்கு?

கிரிட்_வாத்தியார்:
எனிவேர் குறைந்தபட்ச அகலத்தையே ஓர் எழுத்தளவாக்கிவிடும். அட்டவணையில் போட்டுப் பாருங்கள், பத்தி பாகற்கொடி மாதிரி ஒல்லியாகத் தொங்கும்.

மெய்யெழுத்து:
ரெண்டு பேரும் தமிழை வெட்டுறீங்க. 'ஒருங்கிணைப்பாள' மேலே, 'ர்' தனியா கீழே. மெய்யில வரி தொடங்கலாமா? ஹைஃபன்ஸ்: ஆட்டோ (பிரவுசரே விதிப்படி சொல்லை வெட்டும்) போட்டு, லாங் (மொழி) குறி 'டிஏ'ன்னு வைங்க.

தெம்பனிஸ்_அக்கா:
எல்லா பிரவுசர்லயும் தமிழுக்கு வெட்டு விதி இருக்கும்னு நம்பி இறங்காதீங்க. தலைப்பு பத்து இருபதுதானே, வெட்டலாம்கிற இடத்துல டபிள்யூபிஆர் டேகை நாமே வைக்கலாம். கோடும் வராது, தமிழ் அச்சில் கோடு போடாம உடைக்கிறதுதானே வழக்கம்.

மெய்யெழுத்து:
மொழிபெயர்ப்பு மேலாண்மைத் தளத்திலிருந்து வர்ற சொல்லுக்கு யார் டேக் வைப்பா?

கிரிட்_வாத்தியார்:
போனில் ஒரே பத்தியாக்குங்கள், சண்டையே இல்லை: ஆட்டோ-ஃபிட், மின்மேக்ஸ்(மின்(100%, 16ரெம்), 1எஃப்ஆர்). ஓரங்கள் போக மிஞ்சும் 343இல், 16ரெம் அதாவது 256 பிக்சல், இரண்டு கொள்ளாது, தானாக ஒன்றாகும். எழுத்துக்கு 319 கிடைக்கும்.

பொங்கோல்_பையன்:
சரியாயிடுச்சு, மெனுவும் ஒட்டுது. நன்றி அக்கா.

தெம்பனிஸ்_அக்கா:
எது போட்டீங்க? ஒரே பத்தியா, ரெண்டா? ஹிடனை எடுத்தீங்களா?

மெய்யெழுத்து:
ரெண்டு பத்தின்னா அந்த 'ர்' எங்கே விழுதுன்னு ஒரு படம் போடுங்க.