எங்கள் குடும்பக் குழுவில் கம்பந்தட்டு

வாழப்பாடி பெரியப்பா, காலை 6:10
(படம்) கம்பை அறுத்துக் காய வைத்துப் போர் போட்டாச்சு. கறிக்கு வளர்க்கிற எருமைக்கடா இரண்டுக்கும் தை வரை இதுதான் தீனி.

அத்தை, 6:18
போர் நன்றாக இருக்கிறது அண்ணா. கதிரையே காணோமே?

பெரியப்பா, 6:21
எங்கே கதிர் பிடித்தது! ஆடியில் விதைத்தேன், ஆவணி முழுக்க மழையே இல்லாமல் காய்ந்தது. நடுவில் ஒரு தூறலை நம்பி யூரியா வேறு போட்டேன். தானியம் இல்லை, தட்டாவது மிஞ்சட்டும் என்று பச்சையாகவே அறுத்துவிட்டேன்.

தம்பி (தலைவாசல் கால்நடைக் கல்லூரி), 6:40
பெரியப்பா, இதை இன்னும் கடாவுக்குப் போடவில்லைதானே?

பெரியப்பா, 6:42
நேற்று ராத்திரி ஒரு கை போட்டேன். ஏன் கண்ணு?

அத்தை, 6:44
🎤 குரல் பதிவு 2:10

நான், 6:50
அத்தை, பேருந்தில் இருக்கிறேன். எழுதிப் போடுங்கள்.

அத்தை, 6:53
இளஞ்சோளம் மேய்ந்தால்தான் மாடு சாகும், காய்ந்துவிட்டால் விஷம் போய்விடும் என்றேன். அதற்கு இரண்டு நிமிஷம் ஆகிவிட்டது.

தம்பி, 7:02
சோளத்துக்கு அது சரிதான் அத்தை. அது சயனைடு, நன்றாக உலர்ந்தால் குறைந்துவிடும். கம்பில் அந்தத் தொல்லை இல்லை. இங்கே பயம் நைட்ரேட். வாடிய பயிர் யூரியாவை நைட்ரேட்டாக உறிஞ்சும், ஆனால் புரதமாக மாற்ற முடியாமல் தண்டிலேயே தேக்கி வைக்கும். எத்தனை நாள் காய்ந்தாலும் அது போகாது. மாட்டின் பெரிய வயிற்றில் நைட்ரைட்டாகி ரத்தத்தில் கலந்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது, சாக்லேட் நிறமாகிவிடும்.

சித்தப்பா, 7:05
காலங்காத்தாலே சாக்லேட்டா?

தம்பி, 7:06
விளையாட்டு இல்லை சித்தப்பா. பெரியப்பா, கடாவின் ஈறைப் பாருங்கள். பழுப்பாகவோ நீலமாகவோ இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தள்ளாடினாலோ உடனே கால்நடை ஆம்புலன்ஸ் 1962-க்குக் கூப்பிடுங்கள். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து மெத்திலீன் புளூ ஊசி, டாக்டர்தான் போட வேண்டும்.

பெரியப்பா, 7:19
ஈறு ரோஸாகத்தான் இருக்கு. இரண்டும் என்னை முட்ட வருகிறது.

தம்பி, 7:20
அப்போ சரி. ஞாயிறு வருகிறேன், அதுவரை வைக்கோல் மட்டும் போடுங்கள்.

(ஞாயிறு)

தம்பி, மாலை 4:35
(படம்) தண்டைப் பிளந்து டைபீனைலமைன் சொட்டு விட்டேன், நைட்ரேட் இருந்தால் நீலமாகும். அடியில் கருநீலம். மேல் பாதியில் நிறமே மாறவில்லை. இலையிலும் இல்லை.

நான், 4:41
அப்போ மொத்தமும் அடியில்தானா?

தம்பி, 4:44
பெரும்பாலும். ஒரு சாண் விட்டு அறுத்திருந்தால் பாதிப் பிரச்சினை நிலத்திலேயே நின்றிருக்கும். கல்லூரிக்கும் ஒரு பிடி எடுத்துப் போகிறேன், இந்தச் சொட்டுச் சோதனை நைட்ரேட் எவ்வளவு என்று சொல்லாது.

பெரியப்பா, 4:52
அதுவரைக்கும்? வைக்கோல் என்ன விலை தெரியுமா!

தம்பி, 4:58
மேல் பாதியை மட்டும் வெட்டி, முக்கால் பங்கு வைக்கோல், கால் பங்கு தட்டு. 200 கிலோ கடா ஒரு நாளைக்கு 5 கிலோ உலர்தீனி தின்னும், அதில் கம்பந்தட்டு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், முதலில் தவிடு வையுங்கள். வயிறு பழகப் பழக மெல்லக் கூட்டலாம்.

பெரியப்பா, 5:03
சரி கண்ணு. அடித்தண்டை என்ன செய்ய?

தம்பி, 5:04
எருக்குழிக்குத்தான்.

அத்தை, 5:06
அண்ணா, இரண்டு கட்டு எடுத்து வையுங்கள். வெந்நீர் அடுப்புக்கு ஆகும்.