கதவு நிலைக்கு முதிரையா, தேக்கா?

கேள்வி:
வணக்கம். கோண்டாவிலில் கட்டும் வீட்டுக்கு, நிலை முதிரை மரத்திலும் கதவு தேக்கிலும் செய்யலாம் என்கிறார் தச்சர். மரக்காலையில் (மரம் விற்கும் இடத்தில்) வைரம், வெளிறு, கன அடி என்று விலை பேசுகிறார்கள். தயவுசெய்து விளக்குவீர்களா?

மறுமொழி 1:
தச்சர் சொல்வது சரி. முதிரை தேக்கைவிடப் பாரமானது, இறுக்கமானது. ஆகவே அசையாது நிற்கும் நிலைக்குப் பொருந்தும், நாளும் திறந்து மூடும் கதவுக்கோ எளிதில் முறுக்காத தேக்கே நல்லது. தேக்கின் வெட்டுமுகத்தில் நடுவே கபில நிறமாக இருப்பது வைரம். பட்டையை ஒட்டி வெளிறியிருப்பது வெளிறு. தேக்கென்றாலும் வெளிற்றைக் கறையான் விடாது.

மறுமொழி 2:
அகலம், தடிப்பு இரண்டையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் எடுத்துப் பெருக்கி, 144 ஆல் வகுத்தால் கன அடி வரும். 4க்கு 3 அங்குலத்தில் 12 அடி மரம் சரியாக 1 கன அடி. அறுத்த அளவா, சீவிய அளவா என்று காசு கொடுக்குமுன் கேளுங்கள்.

மறுமொழி 3:
கூரைக்குப் பனை எடுப்பதானால் மேலே சொன்ன வைரம், வெளிறு இருக்கும் இடம் தலைகீழ்: அதற்கு வைரம் வெளிப்புறத்தில், மென்மை நடுவில்.