டி.ஆர்.ஓ. கிடைத்த பிறகு வருமானம் மாறினால்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஹரோக்காரன்

கடன் பற்றி எங்கள் ஆட்கள் வெளியில் கதைப்பதில்லை. கட்ட முடியாத கடனைத் தள்ளிவிடும் சட்ட ஆணையான டெட் ரிலீஃப் ஓர்டர், அதுதான் டி.ஆர்.ஓ., எடுத்தவர்கள் இன்னும் மோசம். கூடப்பிறந்தவருக்கே சொல்ல மாட்டார்கள். எனக்கு ஒரு வருஷம் முடிந்துவிட்டது. இனிச் சொல்வதில் ஒன்றும் குறைந்துவிடாது, நானே தொடங்குகிறேன்.

கேஷ் அண்ட் கேரி (மொத்த விற்பனைக் கடை) ஒன்றில் முழுநேர வேலை. 2023 கடைசியில் மணித்தியாலங்களைக் குறைத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மனைவிக்கு முதுகு வருத்தம் வந்து அவரும் வேலையை விட்டார். கிரெடிட் கார்ட்கள், பேங்க் லோன், கவுன்சில் வரிப் பாக்கி எல்லாம் என் பெயரில். கூட்டிப் பார்த்தால் 26,000 பவுண்ட்ஸுக்கு மேல்.

இலவசமாக ஆலோசனை சொல்கிற சிட்டிசன்ஸ் அட்வைஸுக்குப் போனேன். முதலில் ‘பிரீதிங் ஸ்பேஸ்’ போட்டுத் தந்தார்கள். 2021 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிற ஏற்பாடு அது. 60 நாளைக்கு அந்தக் கடன்களுக்கு வட்டி ஏறாது, கடன் வசூலிக்க வீட்டுக்கு வருகிற பெயிலிஃப் வர முடியாது. ஆனால் நடப்பு வாடகை, நடப்புக் கவுன்சில் வரி, கரண்ட் காசு எல்லாம் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் டி.ஆர்.ஓ.வுக்கு ஆயத்தம் செய்தோம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. மொத்தக் கடன் 50,000 பவுண்ட்ஸைத் தாண்டக் கூடாது (2024 ஜூன் 28க்கு முன் 30,000தான்). சொந்த வீடு இருந்தால் பெரும்பாலும் சரிவராது. கையிருப்பும் சொத்தும் 2,000க்குள் இருக்க வேண்டும். கார் தனிக் கணக்கு, 4,000 வரை பரவாயில்லை. வீட்டுச் செலவு போக மாதம் மிஞ்சுவது 75 பவுண்ட்ஸுக்குள். முன்பு 90 பவுண்ட்ஸ் கட்டணம் இருந்தது, 2024 ஏப்ரலோடு அதை எடுத்துவிட்டார்கள். நாங்களாக விண்ணப்பிக்க முடியாது. அதற்கென்று அங்கீகாரம் பெற்ற ஆலோசகர்தான் அனுப்புவார், ஒஃபிஷியல் ரிசீவர் என்ற அரசாங்க அதிகாரி முடிவு செய்வார். கோர்ட் வாசலை மிதிக்கத் தேவையில்லை.

ஓர்டர் வந்ததும் பன்னிரண்டு மாதம் காத்திருப்பு. பட்டியலில் உள்ள எவரும் காசு கேட்டு நெருக்க முடியாது, வருஷம் முடிந்தால் அந்தக் கடன் இல்லாமல் போய்விடும். ஆனால் ஓர்டர் கையில் கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அந்த வருஷத்துக்குள் வருமானம் கூடினாலோ, காசோ சொத்தோ கைக்கு வந்தாலோ ஒஃபிஷியல் ரிசீவருக்கு அறிவிக்க வேண்டும். இது சட்டக் கடமை.

பாதி வருஷம் போன பிறகு எனக்கு வேறு கடையில் கூடுதல் மணித்தியாலம் கிடைத்தது. சம்பளம் மாதம் கிட்டத்தட்ட 300 பவுண்ட்ஸ் கூடியது. “சொல்லாதே, யார் பார்க்கப்போகிறான்” என்று அறிவுரை சொல்ல ஆட்களுக்கா பஞ்சம்? நான் ஆலோசகரிடம் கதைத்துவிட்டு அறிவித்தேன். புதிய வரவுசெலவுக் கணக்குக் கேட்டார்கள். இங்கேதான் கவனிக்க வேண்டும்: அவர்கள் சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை. வீட்டு உரிமையாளர் வாடகையை ஏற்றியிருந்தார், கடை தூரம் என்பதால் பயணக் காசு கூடியது, வருமானம் ஏறியதால் யூனிவர்சல் கிரெடிட் (அரசாங்க உதவிப்பணம்) குறைந்தது. இதையெல்லாம் ஆதாரத்தோடு போட்டபோது மிச்சம் 75க்குள்ளேயே நின்றது. ஓர்டர் அப்படியே தொடரும் என்று பதில் வந்தது. அந்தப் பதில் வரும்வரை சாப்பாடு இறங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

குரொய்டன் டிரைவர்

எனக்கு நடந்தது, ஆனால் மறுபக்கமாக.

மினிகேப் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் டி.ஆர்.ஓ. கிடைத்தது. பிறகு பஸ் ஓட்டப் பயிற்சி எடுத்து நிரந்தர வேலை வந்தது. அறிவித்தேன். எப்படிச் செலவைப் போட்டாலும் மாதம் 400க்குக் கிட்ட மிஞ்சியது. இரத்துச் செய்யப்போவதாக எழுதினார்கள். ஏன் கூடாது என்று பதில் எழுத இடம் கொடுத்தார்கள், ஆனால் எழுத என்னிடம் காரணம் இருக்கவில்லை.

பலருக்குத் தெரியாத விஷயம்: இரத்து என்றால் மறுநாளே எல்லாரும் கதவைத் தட்டுவார்கள் என்றில்லை. இரத்தாகும் திகதியை மூன்று மாதம் வரை தள்ளி வைக்க ஒஃபிஷியல் ரிசீவருக்கு அதிகாரம் இருக்கிறது. எனக்கு அப்படித்தான் தவணை கிடைத்தது. அதற்குள் ஸ்டெப்சேஞ்ச் என்ற கடன் ஆலோசனைத் தொண்டு நிறுவனத்தோடு கதைத்து மாதாந்தக் கட்டண ஒழுங்கு ஒன்று செய்துகொண்டேன். அவர்கள் அதற்குக் காசு எடுப்பதில்லை. இப்போது கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆத்திரம் ஒன்றும் இல்லை. கட்ட வசதியில்லாதவனுக்கான ஏற்பாடு, எனக்கு வசதி வந்தது, அவ்வளவுதான்.

ஈஸ்ட்ஹாம் அக்கா

நீங்கள் இருவரும் சம்பளத்தோடு நின்றுவிட்டீர்கள். எங்கள் ஆட்களுக்கு இடிக்கிற இடம் சீட்டு!

நான் இரண்டு சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றை மகளின் சாமத்தியச் சடங்குக்கு எடுத்து முடித்துவிட்டேன், மிச்சத் தவணைகள் கட்ட இருந்தன. மற்றதை இன்னும் எடுக்கவில்லை. ஆலோசகர் ஒரு வெள்ளைக்காரப் பெண். சீட்டு என்றால் என்னவென்று விளங்கப்படுத்தவே ஒரு சந்திப்பு முழுக்கப் போனது. விளங்கியதும் அவர் சட்டென்று பிரித்துப் போட்டார்: எடுத்த சீட்டில் மிச்சமாகக் கட்ட வேண்டியது கடன், எடுக்காத சீட்டில் இதுவரை கட்டியது எனது சொத்து. அந்தச் சொத்து மட்டும் 1,600. பேங்கில் கிடந்த சில்லறையையும் சேர்த்தால் 2,000க்கு மயிரிழையில் உள்ளே நின்றது. இன்னும் இரண்டு தவணை கட்டியிருந்தால் விண்ணப்பமே போயிருக்காது.

அடுத்த சிக்கல், கடன் பக்கம். எழுத்தில் இருந்தாலும் சரி, வாய்ச் சொல்லில் இருந்தாலும் சரி, எல்லாக் கடனையும் எழுத வேண்டும். சீட்டு நடத்துகிறவரின் பெயரையும் போட வேண்டும், அவருக்குக் கடிதம் போகும். அதைவிட அவமானம் உண்டா என்று முதலில் நினைத்தேன். சீட்டை மறைத்து மற்றவற்றை மட்டும் போடலாமே என்று வீட்டுக்காரர் சொன்னார். விடுபட்ட கடனைப் பிறகு சேர்க்க வழியில்லை, அது நம் தலையில்தான் நிற்கும். மறைத்தது தெரிந்தால் ஓர்டருக்கே ஆபத்து. சரி, விண்ணப்பிக்க முதல் சீட்டை மட்டும் கட்டி முடிப்போம் என்றாலும் விடமாட்டார்கள். கடைசி இரண்டு வருஷத்தில் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்தீர்களா என்று விண்ணப்பத்திலேயே கேள்வி இருக்கிறது.

கடைசியில் என் தம்பி தன் கைக்காசில் மிச்சத் தவணைகளைக் கட்டுவதாகச் சீட்டு நடத்துகிறவரிடம் நேரே போய்ச் சொன்னான். அது அவன் காசு, அவன் விருப்பம். அந்த அக்கா இன்றைக்கும் என்னோடு கதைக்கிறார், கோயிலில் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறோம்.

வெம்பிளி மருமகள்

அக்கா, எனக்குத் தாலிக்கொடி.

கடன் எல்லாம் என் பெயரில். சின்ன ஒன்லைன் கடை நடத்தி நட்டப்பட்டது. டி.ஆர்.ஓ. தனித்தனி ஆளுக்குத்தான், புருஷன் பெண்சாதி சேர்ந்து போட முடியாது. அதனால் என் சொத்து என்ன என்ற கேள்வி. கட்டில், மேசை, உடுப்பு, சமையல் சாமான் ஒன்றும் கணக்கில் வராது. நகை வரும். கடையில் திரும்பக் கொடுத்தால் கிடைக்கும் விலையைப் போட வேண்டும், செய்கூலி சேர்க்கத் தேவையில்லை. கொடி ஒன்பது பவுண். தங்கம் விற்கிற விலையில் எப்படிப் பார்த்தாலும் 2,000க்கு மேலே போய்விட்டது.

நோர்தோல்ட் தம்பி

தங்கச்சியிடம் கொடுத்து வைத்துவிட்டுப் போட்டிருக்கலாமே?

வெம்பிளி மருமகள்

இதையேதான் மாமியும் கேட்டார். யாருக்காவது சும்மாவோ குறைந்த விலைக்கோ பொருள் கொடுத்தீர்களா என்றும் இரண்டு வருஷத்துக்குக் கேட்கிறார்கள் தம்பி. பொய் எழுதினால் தண்டனை வேறு. விற்று, அந்தக் காசு எங்கே போனதென்று கணக்குக் காட்டலாம். நான் விற்க விரும்பவில்லை. ஆலோசகர் மூலம் கடன்காரர்களுக்கு நிலைமையை எழுதி, மாதம் சிறுதொகை கட்டுகிறேன். வட்டியைச் சிலர் நிறுத்தினார்கள், சிலர் நிறுத்தவில்லை.

ஊரில் காணி, தாய் தகப்பன் வழி வந்த வீட்டில் பங்கு இருக்கிறவர்களும் கவனம். சொத்து என்றால் எந்த நாட்டில் இருந்தாலும் சொத்துத்தான்.

லூட்டன் பாலா

நான் சுற்றிவந்த பாதை வேறு. ஃபேஸ்புக் விளம்பரம் பார்த்து ஒரு கம்பெனிக்கு நம்பர் கொடுத்தேன். அரைமணி நேரப் போன் கதையில் ஐ.வி.ஏ.யில், அதாவது கடன்காரரோடு தவணை பேசிக் கட்டுகிற சட்ட ஒப்பந்தத்தில், சேர்த்துவிட்டார்கள். மாதம் 140 பவுண்ட்ஸ், ஐந்து வருஷம். அன்றைக்கே என் நிலைமைக்கு டி.ஆர்.ஓ. பொருந்தியிருக்கும். அந்தச் சொல்லைக் கூட அவர்கள் எடுக்கவில்லை. டி.ஆர்.ஓ.வில் அவர்களுக்கு வருமானம் இல்லை, ஐ.வி.ஏ.யில் இருக்கிறது.

இரண்டாம் வருஷம் சுகவீனத்தால் அரைச் சம்பளம். தவணை தவறியது, ஐ.வி.ஏ. முறிந்தது. கட்டின காசில் பெரும்பகுதி அவர்களுடைய கட்டணத்துக்கே போயிருந்தது. ஐ.வி.ஏ. நடக்கும்போது டி.ஆர்.ஓ. எடுக்க முடியாது. அது முறைப்படி முடிந்த பிறகுதான் நாஷனல் டெட்லைன் என்ற இலவசக் கடன் ஆலோசனை சேவைக்குப் போன் எடுத்து, அவர்கள் காட்டிய வழியில் டி.ஆர்.ஓ.வுக்குப் போனேன். போனில் காசு கேட்கிற எந்த இடத்துக்கும் இனிமேல் விபரம் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. யூனிவர்சல் கிரெடிட் கூடுதலாகத் தந்துவிட்டோம் என்று மாதாமாதம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாக்கியையும் பட்டியலில் சேர்க்கலாம். ஓர்டர் வந்ததும் வெட்டுவதை நிறுத்த வேண்டும் என்று 2011இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. எனக்கு நிறுத்தினார்கள். பொய் சொல்லி எடுத்த பெனிஃபிட் பாக்கி வருஷம் முடிந்தாலும் கழியாது. ஸ்டுடன்ட் லோன், கோர்ட் தண்டப்பணம், பிள்ளைப் பராமரிப்புப் பணம் இவையும் கழியாது.

ஸ்காபரோ சின்னண்ணன்

கனடாவில் இருந்து எட்டிப் பார்க்கிறேன். இங்கே எங்கள் சனம் அதிகம் போவது கன்சியூமர் புரப்போசலுக்கு. வீட்டு மோர்ட்கேஜ் தவிர்த்து 250,000 டொலர் வரை கடன் இருக்கலாம், வீடு இருந்தாலும் போடலாம். லைசன்ஸ் உள்ள இன்சொல்வன்சி டிரஸ்டி (கடன் தீர்வு அதிகாரி) மூலம், ஐந்து வருஷத்துக்குள் ஒரு பகுதியைக் கட்டுவது. இதில் வருமானம் கூடினால் தவணையைக் கூட்ட மாட்டார்கள். குறைந்தால்தான் கவனம்: மூன்று மாதத் தவணை நிலுவை விழுந்தால் தானாகவே இரத்தாகும். என் மச்சானுக்கு ஃபாக்டரியில் லேஓஃப் வந்தபோது, இரண்டாவது தவணை தவற முதலே டிரஸ்டியிடம் ஓடினான். திருத்தப்பட்ட புரப்போசல் போட்டு, கடன்காரர் ஒத்துக்கொண்டு, தவணை குறைந்தது. கூடக் கையெழுத்து வைத்தவருக்கு இதில் பாதுகாப்பு இல்லை என்பதையும் மறக்காதீர்கள்.

ஈஸ்ட்ஹாம் அக்கா

டி.ஆர்.ஓ.விலும் அதேதான் சின்னண்ணன். சேர்ந்து எடுத்த கடன் என்றால் மற்ற ஆளிடம் முழுத்தொகையையும் கேட்பார்கள்.

நோர்தோல்ட் தம்பி

ஹரோ அண்ணை, இரண்டு கேள்வி. பெயர் இன்டர்நெட்டில் வரும் என்கிறார்கள், உண்மையா? வாடகைப் பாக்கியையும் சேர்த்தால் வீட்டை விட்டு எழுப்ப முடியாதுதானே?

ஹரோக்காரன்

முதலாவது உண்மை. இன்சொல்வன்சி ரெஜிஸ்டர் என்ற பொதுப் பதிவேட்டில் பெயரும் விலாசமும் இருக்கும், யாரும் தேடிப் பார்க்கலாம். வருஷம் முடிந்து மூன்று மாதத்தில் எடுத்துவிடுவார்கள். கிரெடிட் ஃபைலில் ஓர்டர் திகதியிலிருந்து ஆறு வருஷம். எங்கள் ஆட்களில் யார் உட்கார்ந்து அந்த ரெஜிஸ்டரைத் தேடப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாவதில் கவனம் தம்பி. வாடகைப் பாக்கியைச் சேர்க்கலாம், அதைக் கேட்டு வழக்குப் போட முடியாது. ஆனால் பாக்கி இருக்கிறது என்று காட்டி வீட்டைத் திரும்பக் கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. டி.ஆர்.ஓ. அதைத் தடுக்காது. உனக்கு வாடகைப் பாக்கி இருந்தால் விண்ணப்பம் போக முதலே ஆலோசகரிடம் அதை எடுத்துச் சொல்.

இன்னொன்று, கடன் உள்ள அதே பேங்கில் சம்பளம் விழுகிறதென்றால் முதலில் வேறு பேங்கில் அடிப்படைக் கணக்கு ஒன்றைத் திற. அவர்கள் ஓவர்டிராஃப்டுக்கு என்று எடுத்துக்கொண்டால் திரும்ப வாங்குவது பெரிய பாடு. அந்த வருஷத்தில் 500 பவுண்ட்ஸோ கூடவோ எங்கே கடன் கேட்டாலும் டி.ஆர்.ஓ. இருப்பதைச் சொல்ல வேண்டும். கம்பெனி டிரெக்டராக இருக்க வேண்டுமென்றால் கோர்ட் அனுமதி வேண்டும். உன் அண்ணன் கடையில் நீ டிரெக்டர் என்று சொன்னதாக ஞாபகம், அதையும் பார்.