ஹாதார்ன் ஆய்வு டெய்லரை முறியடித்ததா?

(நிறுவனவியல், உலைக்களம், தறிக்கட்டை, சிவப்புமணி என்ற புனைபெயர்களில் நால்வர் செய்யும் விவாதம்.)

நிறுவனவியல்:
மேலாண்மைக் கோட்பாடுகளின் வரலாறு என்றாலே, ஆலை வேலையை அளந்து சீராக்கச் சொன்ன அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லருக்கு முதல் மரியாதை செய்யும் வழக்கத்தை இனியாவது விட வேண்டும். 1911-இல் வந்த அவருடைய அறிவியல் மேலாண்மை நூலில் திரும்பத் திரும்ப வருபவர் ‘ஷ்மிட்’ என்ற சுமைத் தொழிலாளி. பெத்லகேம் எஃகு ஆலையில் 92 பவுண்டு இரும்புக் கட்டியைத் தூக்கிச் சரக்கு வண்டியில் போடுவதுதான் வேலை. நாளுக்கு 12½ டன் ஏற்றியவரை 47½ டன் ஏற்ற வைத்ததாக டெய்லர் எழுதுகிறார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. உழைப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி உயர்வு 61 சதவீதம். யோசிப்பது மேலாளர் வேலை, தூக்குவது மட்டும் உன் வேலை என்பதுதான் இதன் சாரம்.

ஹாதார்ன் இதை முறியடித்தது. சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள் அவை. தொலைபேசி ரிலே (மின்தொடர்பைத் திறந்து மூடும் சிறு கருவி) கோக்கும் ஐந்து பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்து, இடைவேளை, வேலைநேரம், சிற்றுண்டி எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி ஏறியது. கொடுத்த சலுகைகளைத் திரும்பப் பிடுங்கிக்கொண்ட காலத்திலும் வார உற்பத்தி பழைய நிலைக்கு இறங்கவில்லை. மொத்தத்தில் 30 சதவீதம் அளவுக்கு உயர்வு. அதட்டாத மேற்பார்வை, தோழமை, தன் கருத்தையும் கேட்கிறார்கள் என்ற உணர்வு, இவைதான் காரணம் என்றார் அந்த ஆய்வுகளை விளக்கிய ஹார்வர்டு பேராசிரியர் எல்டன் மேயோ. 1960-இல் மேலாண்மை அறிஞர் மெக்ரெகர், தொழிலாளியை விரட்டித்தான் வேலை வாங்க வேண்டும் என்பது எக்ஸ், அவன் தானே பொறுப்பேற்பான் என்பது ஒய் என்று இரண்டாகப் பிரித்தது இந்த வேரிலிருந்துதான். ஷ்மிட்டை நடத்தியதுபோல் இன்று எந்த ஆலையை நடத்த முடியும்?

உலைக்களம்:
இரும்புக் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு மண்வாரியை விட்டுவிட்டீர்கள். டெய்லரின் சரக்கு அங்கேதான் இருக்கிறது.

அதே பெத்லகேம் முற்றத்தில் ஒவ்வொருவரும் தன் வீட்டிலிருந்து ஒரே மண்வாரியைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் அள்ளினார்கள். பொடி நிலக்கரி அள்ளினால் ஒரு வாரில் 3½ பவுண்டுதான் வரும், இரும்புத் தாது அள்ளினால் 38 பவுண்டு. முதலாவதில் நேரம் வீண், இரண்டாவதில் முதுகு போகும். தேர்ந்த ஆட்களை வைத்து, வாரின் எடையைப் படிப்படியாகக் குறைத்து, நாள் முழுக்க அள்ளிய மொத்தத்தைக் குறித்துக்கொண்டே வந்தார்கள். ஒரு வாருக்கு ஏறத்தாழ 21 பவுண்டு வரும்போது மொத்தம் உச்சத்துக்குப் போனது. பிறகு கம்பெனியே கருவி அறை வைத்தது: தாதுவுக்குச் சின்ன வாரி, சாம்பலுக்குப் பெரிய வாரி. டெய்லர் கொடுத்த கணக்கில் ஓர் ஆள் நாளுக்கு 16 டன் அள்ளியது 59 டன் ஆனது. இதில் வேகமாக அள்ளு என்று யாரையும் விரட்டவில்லை, கருவியைச் சரிசெய்தார்கள். வேலை அசைவுகளை ஆராய்ந்த கில்பிரெத் செங்கல் கட்டும் வேலையில் 18 அசைவுகளை ஐந்தாகக் குறைத்ததும் இதே வழிதான். குனிந்து எடுக்க வேண்டாதபடி இடுப்பு உயரத்தில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

ஹாதார்னுக்கு வருவோம். நீங்கள் சொன்ன மாற்றங்களின் பட்டியலில் முக்கியமான ஒன்று இல்லை. அந்த ஐவரும் அதுவரை நூறு பேர் அளவுள்ள பெருங்குழுவின் உற்பத்தியைப் பொறுத்துக் கூலி வாங்கினார்கள். தனி அறைக்கு வந்ததும் ஐவருக்கு மட்டும் தனிக் குழுக் கணக்கு. கை வேகம் அந்த வாரச் சம்பளத்திலேயே தெரியும். 1928 ஜனவரியில், பேச்சு அதிகம், ஒத்துழைப்பு போதாது என்று இரண்டு பேரை எடுத்துவிட்டு வேறு இருவரைப் போட்டார்கள். ஏற்றத்தின் பெரும்பகுதி அதற்குப் பின்னால்தான் வருகிறது. 1967-இல் ஹாதார்ன் ஆய்வை விமர்சித்து எழுதிய அலெக்ஸ் கேரி இதையெல்லாம் வரிசையாக எடுத்துவைத்தார். கூலி முறையை மட்டும் மாற்றிய இரண்டாவது ரிலே குழுவில் 12 சதவீதம் அளவுக்கு ஏறியது. பழைய முறைக்குத் திருப்பியதும் விழுந்தது. இது டெய்லருக்குச் சாட்சியா, மேயோவுக்கா?

தறிக்கட்டை:
இருவரும் மேலாளர் மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறீர்கள்.

முதலில் அந்த ‘அறிவியல்’. ஷ்மிட்டுக்கு வைத்த அளவு எப்படி வந்தது? நல்ல உடல்வாகுள்ள பத்துப் பேரைப் பொறுக்கி எடுத்து முழு வேகத்தில் ஒரு வண்டி ஏற்றச் சொன்னார்கள். 16½ டன்னை 14 நிமிடத்தில் ஏற்றினார்கள். அதைப் பத்து மணி நேரத்துக்குப் பெருக்கினால் ஓர் ஆளுக்கு 71 டன். அதை 75 ஆக்கி, ஓய்வுக்கும் தாமதத்துக்கும் 40 சதவீதம் கழித்து, 45 டன் என்று நிர்ணயித்தார்கள். 71 எப்படி 75 ஆனது? 40 சதவீதம் எந்தச் சோதனையில் வந்தது? 14 நிமிட ஓட்டத்தை வைத்து ஒருவர் வருடம் முழுக்க எவ்வளவு தூக்கலாம் என்று முடிவு கட்டியதைக் கணக்கு என்று சொல்லலாம், அறிவியல் என்று சொல்லக் கூடாது.

கூலி முறையையும் பாருங்கள். 1895-இல் டெய்லர் படித்த கட்டுரையில் உள்ள உதாரணம்: நாளுக்குப் பத்து உருப்படி முடித்தால் ஒன்றுக்கு 35 சென்ட், மொத்தம் 3.50 டாலர். ஒன்பதுதான் முடிந்தது என்றால் அந்த ஒன்பதுக்கும் 25 சென்ட், மொத்தம் 2.25 டாலர். ஒரே ஓர் உருப்படி குறைந்ததற்கு 1.25 டாலர் வெட்டு. இயந்திரத்தின் பட்டை அறுந்தாலோ வார்ப்பு கெட்டியாக வந்தாலோ அந்த நட்டமும் தொழிலாளி தலையில். 1911 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் வாட்டர்டவுன் அரசு ஆயுதச்சாலையில் ஸ்டாப்வாட்ச் பிடித்ததும் வார்ப்புத் தொழிலாளர்கள் வெளியேறினார்கள். அமெரிக்கப் பாராளுமன்றக் குழு விசாரித்தது. பிறகு ராணுவ நிதி ஒதுக்கீட்டில் ஸ்டாப்வாட்ச் அளவீட்டுக்குப் பணம் கிடையாது என்றே நிபந்தனை சேர்த்தார்கள்.

நீங்கள் இருவரும் குறிப்பிடாத அறை ஒன்று ஹாதார்னில் உண்டு. 1931 நவம்பர் முதல் 1932 மே வரை 14 ஆண்கள் தொலைபேசி இணைப்புப் பலகைக்குக் கம்பி கட்டிய அறை. கம்பெனி வைத்த இலக்கு நாளுக்கு 7,312 முனைகள். அவர்களுக்குள் வைத்துக்கொண்ட அளவு இரண்டு பலகை, அதாவது 6,600 முனை அளவு. அதற்கு மேல் போகிறவனுக்குத் தோளில் ஒரு குத்து. ஆய்வாளர்கள் இதைக் குழு உணர்ச்சி, தர்க்கத்துக்கு அப்பாற்பட்டது என்று எழுதினார்கள். எந்தக் காலம் அது? பொருளாதாரப் பெருமந்தம். வாரநாள் குறைப்பு, ஆள்குறைப்பு. அந்த அறையே வேலையில்லாமல்தான் மூடப்பட்டது. இருக்கிற வேலையை நீட்டிப் பிடித்தவர்களா தர்க்கம் தெரியாதவர்கள்?

உலைக்களம்:
தறிக்கட்டை சொன்ன கடைசிப் பகுதியை முழுக்க ஏற்கிறேன். இன்னும் ஒன்று சேர்க்கிறேன். அதே விஷயத்தை டெய்லர் முப்பது வருடம் முன்பே சொல்லிவிட்டார். வேகமாகச் செய்தால் உருப்படிக் கூலியை வெட்டுவார்கள் என்று தெரிந்துதான் தொழிலாளி நிதானமாகச் செய்கிறான், அது சோம்பல் இல்லை, கணக்கு என்று எழுதியவர் அவர். மேயோவின் ஆட்கள் அதே காட்சியைப் பார்த்துவிட்டு உணர்ச்சி என்றார்கள். இந்த ஒரு விஷயத்தில் கோட்பாடு முன்னேறவில்லை, பின்னால் போனது.

நிறுவனவியல்:
ஹாதார்னில் எல்லாமே கூலி என்று முடிப்பதும் சரியில்லை. மைக்கா தகடு பிளக்கும் குழுவில் கூலி முறையைத் தொடவே இல்லை, இடைவேளையும் தனி அறையும் மட்டும்தான். அங்கும் 15 சதவீதம் அளவுக்கு ஏறியது. அது எங்கிருந்து வந்தது?

மனித உறவுச் சிந்தனை மேயோவோடு நின்றுவிடவும் இல்லை. 1951-இல் ஆய்வாளர்கள் டிரிஸ்டும் பாம்ஃபோர்த்தும் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கம் பற்றி எழுதியதைப் பாருங்கள். முன்பு இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழு வெட்டுவது, அள்ளுவது, முட்டுக் கொடுப்பது எல்லாவற்றையும் தானே செய்தது. இயந்திரம் வந்ததும் நீண்ட முகப்பு முறை: நாற்பது பேருக்கு மேல், மூன்று ஷிப்ட், ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரே வேலை, தனித்தனிக் கூலி. முதல் ஷிப்டில் வெட்டு சரியில்லை என்றால் அள்ளும் ஷிப்ட் சிக்கிக்கொள்ளும். ஆனால் வெட்டியவருக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. பழி மட்டும் ஷிப்ட் விட்டு ஷிப்ட் தாவும், வேலைக்கு வராதவர் எண்ணிக்கை கூடும். இது டெய்லர் பாணிப் பிரிப்பின் நேரடி விளைவு. 1953-இல் ஆய்வாளர் ஏ.கே. ரைஸ் அகமதாபாத் காலிகோ ஆலையின் தானியங்கித் தறிக்கூடத்தில் இதே சிக்கலைக் கண்டார். பன்னிரண்டு வகையாகப் பிரித்த வேலையை, ஒரு தறித்தொகுதிக்கு ஏழு பேர் பொறுப்பு என்று மாற்றினார்கள். யார் எந்தக் குழு என்பதைத் தொழிலாளர்களே பிரித்துக்கொண்டார்கள். இதில் ஸ்டாப்வாட்ச் எங்கே?

உலைக்களம்:
ஸ்டாப்வாட்ச் இல்லாமல் ஒரு குழுவுக்கு எத்தனை தறி என்று எப்படி முடிவு செய்வீர்கள்? ஒரு தறியில் இழை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அறுகிறது, முடிச்சுப்போட எவ்வளவு ஆகிறது, நடக்க எவ்வளவு, இதெல்லாம் அளந்தால்தானே தெரியும்? குழுவுக்குப் பொறுப்பைக் கொடுங்கள், நல்லது. ஆனால் சுமையை அளந்து கொடுங்கள்.

அளவீடு எங்கே பிசகும் என்பதையும் நானே சொல்கிறேன், அது ஒளிவுமறைவு விஷயமில்லை. வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் பல சுற்று அளக்கிறோம். அளந்த நேரத்தை அப்படியே எடுப்பதில்லை, பார்த்த ஆள் வேகமா மெதுவா என்று ‘ரேட்டிங்’ போடுகிறோம். 100 என்றால் சரியான வேகம். பிறகு சொந்தத் தேவை, களைப்பு, சிறு தடங்கல் எல்லாவற்றுக்கும் அலவன்ஸ் என்று கூடுதல் நேரம். ஒரு வேலை 0.50 நிமிடம் என்று அளந்திருக்கிறோம், ரேட்டிங் 80 என்று வையுங்கள். அடிப்படை நேரம் 0.40. அலவன்ஸ் 15 சதவீதம் சேர்த்தால் 0.46 நிமிடம். 480 நிமிட ஷிப்டுக்கு 1,043 உருப்படி. அதே ஆளுக்கு, அதே கடிகாரத்தில், ரேட்டிங் 90 போட்டிருந்தால்? 0.45, அலவன்ஸோடு 0.5175, ஷிப்டுக்கு 927. ஸ்டாப்வாட்ச் நொடியின் சிறு பங்கைக்கூட அளக்கும். பத்துப் புள்ளி ரேட்டிங் மட்டும் அளப்பவர் கண் மதிப்பு. அதில் 116 உருப்படி நிற்கிறது. திருப்பூரில் எஸ்.ஏ.எம். (ஓர் உருப்படிக்கு அனுமதிக்கும் நிமிடம்) என்று எழுதிப்போடும் எண்ணுக்குப் பின்னாலும் இப்படி யாரோ எடுத்த தீர்மானம் இருக்கிறது. அதனால்தான் ரேட்டிங் போடுபவர்களை ஒரே காட்சியைப் பார்க்கவைத்து அடிக்கடி சோதிக்க வேண்டும். பல இடங்களில் செய்வதில்லை.

சிவப்புமணி:
இலக்கு சரியா தவறா என்ற சண்டைக்கு முன்னால் தர மேலாண்மை அறிஞர் டெமிங்கின் மணிச் சோதனையைச் சொல்லியாக வேண்டும். ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணி, 800 சிவப்பு மணி. ஐம்பது குழி உள்ள பலகையை விட்டு அள்ள வேண்டும். சிவப்பு வந்தால் பழுது. சராசரி பத்து வரும். கணக்குப்படி கட்டுப்பாட்டு எல்லை, அதாவது தற்செயலாகவே ஏறி இறங்கக்கூடிய வீச்சு, 1.5 முதல் 18.5 வரை. ஒருவருக்கு 5, இன்னொருவருக்கு 15 வந்தால் இரண்டும் ஒரே பெட்டியின் விளையாட்டு, ஆளின் திறமை இல்லை. மேலாளரோ 5 எடுத்தவருக்குப் பரிசு கொடுத்து, 15 எடுத்தவருக்கு மெமோ கொடுக்கிறார். பெட்டியை மாற்ற முடிந்தவர் மேலாளர் மட்டும்தான்.

டெய்லர் ஆளையும் அசைவையும் பார்த்தார், மேயோ ஆளின் மனத்தைப் பார்த்தார். புள்ளியியல் வழியில் தரத்தை அளந்த ஷூவார்ட் 1924-இல் போட்ட கட்டுப்பாட்டு வரைபடம் செயல்முறையைப் பார்த்தது, அதுவும் அதே வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில்! ஒரே நிறுவனத்தில் பிறந்த இரண்டில் மேயோ கதைதான் பாடப்புத்தகத்தில் பரவியது என்பது வருத்தமானது. 1950-இல் டெமிங் அந்த வரைபட முறையை ஜப்பானுக்குக் கொண்டுபோனார். சென்னையின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-இல், தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவில் அதுதான் முதல்.

தறிக்கட்டை:
ஜப்பான் முறைக்கு வந்தாச்சு. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடியது. 1984-இல் டொயோட்டாவோடு கூட்டாக நும்மி என்ற பெயரில் திறந்தார்கள். பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்கள். வேலைக்கு வராதோர் விகிதம் 20 சதவீதத்திலிருந்து 3, 4-க்கு வந்தது, எல்லோரும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். பழைய காலத்தில் ஒரு நிமிடத்தில் சுமார் 45 நொடி கை ஓடியது, நும்மியில் 57 நொடி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பன்னிரண்டு நொடி யாருடையது?

உலைக்களம்:
கேள்வி நியாயம். ஆனால் அங்கே நடந்ததில் ஒன்று முக்கியமானது. ஸ்டாப்வாட்சைக் குழுவினர் கையில் கொடுத்தார்கள். ஒருவரை ஒருவர் அளந்து, பாதுகாப்பான, நல்ல முறை எது என்று தேர்ந்து, அடுத்த ஷிப்டோடு ஒப்பிட்டு, வேலைத்தாளைத் தாங்களே எழுதினார்கள். ஆலையின் நிலை மோசமானால் முதலில் வெளியாள் வேலையைத் திரும்ப எடுப்போம், மேலாளர் சம்பளத்தைக் குறைப்போம், அதன்பிறகுதான் ஆட்குறைப்பு என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்தது. 1988-இல் விற்பனை விழுந்தபோதும் யாரையும் அனுப்பவில்லை, பயிற்சியிலும் சீரமைப்பிலும் வைத்திருந்தார்கள். டெய்லரின் முறை அப்படியே இருந்தது, யோசிப்பது மேலாளர் வேலை என்ற பகுதி மட்டும் போனது.

நிறுவனவியல்:
அந்தப் பகுதி போனபிறகு மிஞ்சுவதை டெய்லர் என்று அழைப்பீர்களா? நான் மாட்டேன். கடிகாரத்தைத் தொழிலாளி கையில் கொடுக்கலாம் என்ற எண்ணம் மெக்ரெகர், டிரிஸ்ட் பக்கத்திலிருந்து வந்தது.

தறிக்கட்டை:
யார் பக்கத்திலிருந்து வந்தாலும் 2010-இல் அந்த ஆலை மூடியபோது கோட்பாடு யாரையும் காப்பாற்றவில்லை. எனக்கு வேண்டியது ஒப்பந்தத்தில் ஒரு வரி: கருவி, பொருள், செய்முறை இந்த மூன்றில் ஒன்று மாறாமல் இலக்கை மாற்றக் கூடாது. இந்த வரி இல்லாத ஆலையில் வேகமாக வேலை செய்யச் சொல்ல எந்தக் கோட்பாட்டுக்கும் உரிமை இல்லை.

உலைக்களம்:
அந்த வரி வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. உருப்படியைப் பிடித்துவைக்கும் ஜிக் ஒன்றைச் சற்று நகர்த்துவார்கள், பொருளை ஊட்டும் கருவியைக் கொஞ்சம் கிட்டே வைப்பார்கள். ஒவ்வொன்றும் இரண்டு சதவீதம்தான், யாரும் எழுதிவைக்க மாட்டார்கள். மூன்று வருடத்தில் ஒரு வேலையின் இலக்கு தளர்ந்து கிடக்கும், பக்கத்து வேலையில் இறுகிக் கிடக்கும். பிறகு மேலாளர் ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்தப் போவார், சண்டை வரும். அதனால் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு வேலைத்தாளில் பதிய வேண்டும். மாறிய கூறின் நேரத்தை மட்டும் திருத்த வேண்டும். பன்னிரண்டு கூறில் ஒன்று 0.08 நிமிடத்திலிருந்து 0.05 ஆனால் மற்ற பதினொன்றைத் தொடக் கூடாது.

தறிக்கட்டை:
சரி. அந்தத் தாளின் ஒரு படி, ரேட்டிங் எண்ணோடும் அலவன்ஸ் கணக்கோடும், இலக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு முன்னால் சங்கத்தின் கைக்கு வர வேண்டும். மறு அளவீடு கேட்கும் உரிமையும் அதிலேயே எழுதப்பட வேண்டும், அளக்கும்போது சங்கம் அனுப்பும் ஆள் பக்கத்தில் நின்று தனியாக ரேட்டிங் போட வேண்டும்.