மூன்று முறை கடவுச்சொல் மாற்றியும் கணக்கு மீண்டும் பறிபோகிறது: காரணம் என்னவாக இருக்கும்?

கேள்வி

வணக்கம். நானும் என் மகனும் வீட்டில் ஒரே கணினியைப் பயன்படுத்துகிறோம். அதில் விண்டோஸ் 11 இயங்குகிறது. அதனுடன் வரும் டிஃபெண்டரைத் தவிர வேறு வைரஸ் தடுப்பு மென்பொருள் எதையும் நிறுவியதில்லை. பத்து நாட்களுக்கு முன்பு, கிரிப்டோ முதலீட்டில் நான் பெரும் லாபம் பார்த்துவிட்டதாக என் சமூக ஊடகக் கணக்கிலிருந்து உறவினர்கள் அனைவருக்கும் செய்தி போயிருந்தது. உடனே கடவுச்சொல்லை மாற்றினேன். மறுநாள் காலையில் அந்தப் புதிய கடவுச்சொல்லும் செல்லவில்லை. கணக்கை மீட்டேன், மறுபடியும் போயிற்று. இதுவரை மூன்று முறை இப்படி நடந்துவிட்டது. டிஃபெண்டரில் முழுச் சோதனை ஓடவிட்டதில், இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அச்சுறுத்தல் எதுவும் இல்லை என்றே முடிவு வந்தது. கடவுச்சொல் மாற்றப்பட்டதாக எனக்கு ஒரு மின்னஞ்சல்கூட வராததுதான் பெரும் புதிராக இருக்கிறது. கணினியில் வைரஸே இல்லையென்றால் என் கடவுச்சொல் எந்த வழியாக வெளியே போகிறது?

பதில் 1

டிஃபெண்டரை மட்டும் நம்பியிருந்தால் இப்படித்தான் ஆகும். வேறு இரண்டு மூன்று வைரஸ் தடுப்பு மென்பொருள்களையும் நிறுவி ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். ஒன்றின் கண்ணுக்குத் தப்பியது மற்றொன்றில் சிக்கும்.

பதில் 2

மேலே பதிலளித்த நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும், அந்த யோசனையைப் பின்பற்ற வேண்டாம் என்றே சொல்வேன். பின்னணியில் எப்போதும் கண்காணிக்கும் தடுப்பு மென்பொருள்கள் இரண்டை ஒரே கணினியில் ஓடவிட்டால், அவை ஒன்றையொன்று சந்தேகித்துக் கணினியை முடக்குமே தவிர, பாதுகாப்பு இரட்டிப்பாகாது. மேலும், இங்கே சிக்கல் இப்போதும் கணினிக்குள்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐயா, இரண்டு விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். முதலாவது, கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் சிறு பெட்டியில், கடைசியாக அங்கே இயக்கப்பட்ட கட்டளை தெரியும். அதைப் படித்துவிட்டு எஸ்கேப் விசையால் மூடுங்கள். எக்காரணம் கொண்டும் என்டர் விசையைத் தட்ட வேண்டாம். இரண்டாவது, வேறொரு நம்பகமான கணினியிலிருந்து உங்கள் மின்னஞ்சலுக்குள் நுழைந்து, அமைப்புகளில் 'வடிப்பான்கள்' என்ற பகுதியில் நீங்கள் உருவாக்காத விதி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிமெயிலாக இருந்தால் கைப்பேசிச் செயலியில் இந்தப் பகுதி இராது, உலாவியில்தான் திறக்க வேண்டும்.

கேட்டவர்

பார்த்தேன், ஐயா. அந்தப் பெட்டியில் 'நான் ரோபோ அல்ல' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி மட்டுமே தெரிந்தது. ஆனால் ஹோம் விசையை அழுத்தி வரியின் தொடக்கத்துக்குப் போனபோது, அது 'பவர்ஷெல்' என்ற சொல்லில் தொடங்கி, நடுவில் ஏதோ ஓர் இணைய முகவரியைக் கொண்ட மிக நீளமான கட்டளையாக இருந்தது. மகனைக் கேட்டேன். பாடக் குறிப்பு தேடிப் போன ஒரு தளம், மனிதர்தான் என்று நிரூபிக்க ஒரு கட்டத்தில் சொடுக்கச் சொன்னதாகவும், பிறகு விண்டோஸும் ஆரும், அடுத்துக் கன்ட்ரோலும் வியும், கடைசியாக என்டர் என்று வரிசையாக அழுத்தச் சொன்னதாகவும், தான் அப்படியே செய்ததாகவும் சொன்னான்.

அலுவலகக் கணினியில் மின்னஞ்சலைத் திறந்து பார்த்ததில், நான் உருவாக்காத வடிப்பான் ஒன்று இருந்தது. அந்தச் சமூக ஊடகத்திலிருந்து வரும் எல்லாக் கடிதங்களையும் எனக்குத் தெரியாத ஒரு முகவரிக்கு அனுப்பிவிட்டு, பிறகு நீக்கிவிடும்படி அதில் எழுதப்பட்டிருந்தது.

பதில் 2

உங்கள் கேள்விக்கான விடை இந்த இரண்டிலுமே இருக்கிறது.

கட்டத்தைச் சொடுக்கிய நொடியிலேயே அந்தத் தளம், விண்டோஸில் கட்டளைகளை இயக்கும் பவர்ஷெல் என்ற கருவிக்கான ஒரு கட்டளையை, நகலெடுத்தவை தற்காலிகமாகத் தங்கும் நகல் நினைவகத்தில் வைத்துவிட்டது. மகன் அழுத்திய விசைகள் அதை ஒட்டி இயக்கிவிட்டன. பெட்டி சிறியதாக இருப்பதால் கட்டளையின் வால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும்; அந்த வாலில்தான் 'நான் ரோபோ அல்ல' என்று எழுதி வைக்கிறார்கள். உலாவியின் வழியாகக் கோப்பு எதுவும் இறங்காததால் உலாவியின் எச்சரிக்கையும் வராது. மகனைக் கடிந்துகொள்ள வேண்டாம். விவரம் தெரிந்த பெரியவர்களே இதில் விழுகிறார்கள்.

இவ்வழியில் வருபவை பெரும்பாலும் தகவல் திருடும் நிரல்கள். லும்மா என்ற ஒரு நிரல் மட்டும் 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளைப் பாதித்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இவை உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களையும், குக்கீகளையும் அள்ளிச் சில நிமிடங்களில் அனுப்பிவிடும். பல நிரல்கள் அதன்பின் தம்மையே அழித்துக்கொள்வதால், பிறகு நடக்கும் சோதனையில் எதுவும் அகப்படாமல் போகலாம். டிஃபெண்டர் பொய் சொல்லவில்லை. திருடன் போன பிறகு வீட்டைச் சோதித்திருக்கிறது, அவ்வளவுதான்.

குக்கீ என்பது, நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்பதற்கான அனுமதிச் சீட்டு. அது கையில் இருப்பவருக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், இருபடிச் சரிபார்ப்பும் வேண்டாம். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற புகழ்பெற்ற தொழில்நுட்ப யூடியூப் சேனலே இப்படித்தான் பறிபோனது. விளம்பர ஒப்பந்தம் என்று நம்பி ஊழியர் ஒருவர் திறந்த கோப்பே காரணம்.

உங்கள் மின்னஞ்சலுக்குள் அந்தச் சீட்டோடு நுழைந்தவர் வடிப்பானை வைத்துவிட்டார். அதன்பின் நீங்கள் எத்தனை முறை கடவுச்சொல்லை மாற்றினாலும், அவர் 'மறந்துவிட்டேன்' என்பதை அழுத்தினால் போதும். மீட்புக் கடிதம் அவருக்குப் போய்ச் சேரும், உங்கள் கண்ணில் படாது. கடிதம் ஏன் வரவில்லை என்ற உங்கள் புதிருக்கும் இதுவே விடை.

இனிச் செய்ய வேண்டியவற்றில் வரிசை மிக முக்கியம். வீட்டுக் கணினியைத் தொடாமல், பாதிப்பில்லாத வேறு கணினியிலிருந்து முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். திருடர் உள்ளே இருக்கும்போதே வடிப்பானை நீக்கினால், அடுத்த நிமிடமே அதை மறுபடியும் வைத்துவிடுவார். வெளியேற்றிய பிறகு வடிப்பானையும், அதில் இருந்த முகவரியையும் நீக்குங்கள். மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல், கணக்கோடு இணைக்கப்பட்ட செயலிகள் ஆகியவற்றில் அந்நியமானவை இருந்தால் அவற்றையும் அகற்றுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகே சமூக ஊடகக் கணக்குக்குப் போங்கள். அங்கேயும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுவதைத் தனியாகச் செய்யுங்கள்; கடவுச்சொல் மாறினாலே பழைய நுழைவுகள் ரத்தாகிவிடும் என்று எல்லாச் சேவைகளிலும் நம்ப முடியாது. உலாவியில் சேமித்திருந்த மற்ற கடவுச்சொற்கள் அனைத்தும் போய்விட்டதாகவே கொள்ளுங்கள். வங்கிக் கடவுச்சொல்லும் அவற்றில் இருந்தால், வங்கிக்கு இன்றே தெரிவியுங்கள்.

கணினியைப் பொறுத்தவரை, வட்டை முழுவதும் அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவுவதையே பரிந்துரைப்பேன். வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தரும் கருவியைக் கொண்டு குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவில் நிறுவல் கோப்பைத் தயாரிக்கலாம். பெரும்பாலும் நிரல் ஏற்கெனவே போயிருக்கும். ஆனால் அந்தக் கட்டளை வேறு எதை இறக்கி வைத்தது என்று வீட்டில் உட்கார்ந்து உறுதிசெய்ய வழியில்லை.

பதில் 3

இரண்டு சொற்கள் சேர்க்க விரும்புகிறேன். மீண்டும் நிறுவும்போது மகனுக்கு நிர்வாக உரிமையற்ற தனி விண்டோஸ் கணக்கு வையுங்கள். அது இந்தத் திருட்டைத் தடுத்திருக்காது, ஏனெனில் இவ்வகை நிரலுக்கு நிர்வாக உரிமை தேவையில்லை. ஆனால் அவன் கணக்கிலுள்ள உலாவியோடு திருட்டு நின்றிருக்கும், உங்கள் குக்கீகளை எட்டியிருக்காது. அடுத்து, பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்தின் கைரேகை அல்லது திரைப்பூட்டு கொண்டு நுழையும் முறை) வசதியுள்ள சேவைகளில் அதை அமைத்துக்கொள்ளுங்கள். போலித் தளத்தில் அதைத் தட்டச்சுச் செய்து ஏமாற வாய்ப்பில்லை. குக்கீத் திருட்டை மட்டும் அதுவும் தடுக்காது.

கேட்டவர்

சொன்ன வரிசையிலேயே எல்லாவற்றையும் செய்து முடித்தேன். ஆறு நாட்களாகக் கணக்கு என்னிடமே இருக்கிறது. மின்னஞ்சலின் குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் வரை கடிதங்கள் இருக்கும் என்பதால் தேடிப் பார்த்தேன். கடவுச்சொல் மாற்றப்பட்டதாக வந்த கடிதங்கள் அத்தனையும் அங்கே கிடந்தன. எல்லாம் அதிகாலை நேரத்தவை.

ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. சம்பவம் நடந்தபோது கணினியில் ஒரு வெளி வன்தட்டு செருகப்பட்டிருந்தது; குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதைப் புதிய விண்டோஸில் செருகலாமா?

பதில் 2

செருகலாம். அதற்கு முன் கோப்பு உலாவியின் 'காட்சி' பட்டியலில் கோப்பு நீட்சிகள் (பெயரின் முடிவில் கோப்பின் வகையைக் காட்டும் .jpg, .exe போன்றவை) தெரியும்படி மாற்றிவிடுங்கள்; விண்டோஸ் அவற்றை இயல்பாக மறைத்தே வைத்திருக்கும். பிறகு டிஃபெண்டரால் அந்த வட்டை மட்டும் சோதித்துவிட்டு, படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவல் கோப்புகளோ, கடவுச்சொல் இட்ட ஜிப் கோப்புகளோ இருந்தால் அவற்றைத் திறக்காமலே அழித்துவிடுங்கள். பூட்டிய ஜிப்பின் உள்ளே இருப்பதைச் சோதனையால் பார்க்க முடியாது. நகலெடுத்து முடித்ததும் வட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள்.